காரேஜுக்குள் ஒரு திருட்டுக் கும்பல்

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. போதாக்குறைக்கு புனே பக்கம் ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. நல்ல போல்ட்டைக் கூட 'உனக்கு எங்கே கோளாறு?' என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் கண்ணைத் தொழிற்சாலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால், இன்று எங்கள் தெருவில் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

தாபோடியில் எங்கள் வீட்டோடு ஒரு காரேஜ் உண்டு. அதற்குள் கார் மட்டும்தான் இருந்ததில்லை. தசராவன்று சாமந்தி மாலை போட்டு வண்டி எடுப்பது புனே வழக்கம் என்பதால் நானும் ஒரு கார் பதிவு செய்திருந்தேன். மனைவி சுபா, தம்பியின் கிரகப்பிரவேசத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தாள். அவள் வருவதற்குள் காரேஜைக் காலி செய்து அசத்திவிட வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை இறங்கினேன். (சொல்லாமல் செய்கிற நல்ல காரியம் எதுவும் எனக்குக் கைகூடியதில்லை.)

உடைந்த ஏர்கூலர், காற்றிறங்கிய சைக்கிள், எட்டுக்கால் பூச்சிகள் என்று எல்லாம் நம்முடையவைதான். ஏர்கூலருக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்த பொருட்கள்தான் என்னை நிறுத்தின. எவர்சில்வர் டப்பாக்கள், தூக்குகள், ஓர் அலுமினிய ஏணி, ஒரு பெரிய பித்தளை மோதகப் பாத்திரம். நான் ஒன்றையும் வாங்கியதில்லை. பாத்திரங்களில் மராத்தியில் பெயர் வெட்டியிருந்தது. ஜோஷி, பாட்டீல், ஷிண்டே. எங்கள் தெருவையே அந்தச் சாக்குக்கடியில் வாசித்துவிடலாம்.

என் மூளை ஷிப்டுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு பொருள் போயிருக்கிறது. போனதெல்லாம் என் காரேஜில் இருக்கிறது. ஆக, யாரோ திருடி இங்கே பதுக்குகிறார்கள். யார்? எல்லார் பெயரும் இருந்த அந்தக் குவியலில் எதிர்வீட்டு குல்கர்னி பெயர் மட்டும் இல்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நாங்கள் காரேஜ் சாவி கொடுத்து வைத்திருந்ததும் அதே குல்கர்னி காகாவிடம்தான்! (இங்கே பெரியவர்களைக் காகா, காகு என்போம்; சித்தப்பா, சித்தி மாதிரி.)

கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் எங்கள் மகள் நிலா பள்ளி விட்டு வந்ததும் காகா வீட்டில்தான் சாப்பிடுவாள். அவர் மனைவி குல்கர்னி காகு ஊட்டாத குறை. அந்த உறவு போய்விட்டால் என் பிள்ளைக்கு இன்னொரு வீடு கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், பொருட்களைப் படம் பிடித்துத் தெருவின் வாட்ஸப் குழுவில் போட்டேன். 'என் காரேஜில் திருட்டுப் பொருட்கள் பதுக்கப்பட்டுள்ளன. சாவி வைத்திருப்பவர் நாளைக் காலை எல்லார் முன்னிலையிலும் விளக்கம் தர வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ்.'

நிலா போனைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அப்பா, டிலீட் கரோ ப்ளீஸ்! எல்லாரும் பாத்துட்டாங்க. காகு அழுவாங்க!"

"குற்றவாளிங்க அழத்தான் செய்வாங்க" என்றேன். (இந்த வசனத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.)

மறுநாள் காலை தெருவே என் வாசலில் நின்றது. ஜோஷி காகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மோதகப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "அரே தேவா! என் பாத்திரம்!" என்று மராத்தியில் கத்தியவர், எதிர்வீட்டு வாசலில் நின்ற குல்கர்னி காகு பக்கம் திரும்பினார். "இதை அவளிடம்தானே கொடுத்தேன்! திருப்பிக் கொடுத்துவிட்டதாக கணபதி மேல் சத்தியம் செய்தாளே!"

அந்த இரண்டு காகுமார்களும் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரியும். காரணம் அன்றுதான் தெரிந்தது. 'பார்த்தாயா, என் கணக்கு சரி' என்று நான் மனசுக்குள் முதுகில் தட்டிக்கொண்ட நேரத்தில் குல்கர்னி காகா வந்தார். கையில் ஒரு தட்டு. மனைவி ஊரில் இல்லாதவன் பசியோடிருப்பான் என்று எனக்கு போஹா, அதாவது அவல் உப்புமா, கொண்டு வந்திருந்தார். குழுவில் வந்த செய்தியை அவர் பார்த்தே இருக்கவில்லை. யாரோ போனை நீட்ட, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அந்தத் தட்டோடு நான் நின்ற நிலை என் விரோதிக்கும் வரக் கூடாது.

அப்போது பார்த்து ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ வந்தது. சுபா பையும் சூட்கேஸுமாக இறங்கினாள்.

"ஏனுங்க, அதையெல்லாம் எதுக்குங்க வெளிய எடுத்துப் போட்டிருக்கீங்க?"

"இதெல்லாம்... உனக்குத் தெரியுமா?"

"நல்லா கேட்டீங்க போங்க. அவங்கவங்க பலகாரம் போட்டுக் குடுத்தனுப்பினது. வெறும் பாத்திரமா எப்படிங்க திருப்பிக் குடுக்கறது? ஏதாச்சும் நல்லதா செஞ்சு போட்டுக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். எங்கீங்க நேரம்? குல்கர்னி காகு வீட்டு டப்பாவ மட்டும் நெலா தெனமும் கொண்டு போறா, நானும் உடனே ஏதாச்சும் போட்டுக் குடுத்துர்றேன்."

"அந்த மோதகப் பாத்திரம்?"

"கொழுக்கட்டைக்குக் குல்கர்னி காகுகிட்ட வாங்கினது. அவ்ளோ பெரிய பாத்திரம், நெறையப் போட்டுக் குடுக்க வேண்டாமா?"

குல்கர்னி காகு நெற்றியில் அடித்துக்கொண்டார். ஜோஷி வீட்டுப் பாத்திரத்தைச் சுபாவிடம் கொடுத்ததையே சுத்தமாக மறந்து, திருப்பிக் கொடுத்துவிட்டதாகவே நம்பியிருந்தாராம். காகுமார்கள் இருவரும் பாத்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாகப் பேச ஆரம்பித்தார்கள். பல வருஷப் பாக்கி. சாயங்காலம் வரை ஓயவில்லை.

"ஏணி?" என்று கடைசி நம்பிக்கையோடு கேட்டேன்.

"ஷிண்டே வீட்டுது. ஏணிக்கு என்னத்தைப் போட்டுக் குடுக்கறதுன்னுதான் தெரியலைங்க."

அன்றும் சுபா வெறும் பாத்திரம் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த முறுக்கும் மைசூர்பாகும் அத்தனை டப்பாவிலும் நிரம்பின. ஒவ்வொரு வீட்டுப் படியாக நானே ஏறி இறங்கி, மன்னிப்பும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏணியில் ஒரு முறுக்குப் பொட்டலம் கட்டப்பட்டிருந்தது. எனக்கென்று ஒரு துண்டு கூட மிஞ்சவில்லை.

சாயங்காலம் குல்கர்னி காகா ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். திறந்தால் சூடான ஷீரா, நம் ரவா கேசரி. மேலே எங்கள் காரேஜ் சாவி. "முருகேஷ்ராவ், உங்கள் வீட்டில் எதையும் வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதாமே" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சாவியைத் திரும்ப அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "நிலாவுக்கு நாளைக்கும் சாப்பாடு வேணும் காகா" என்றேன். அதற்குத்தான் சிரித்தார்.

தசராவன்று கார் வந்தது. மாலை போட்டதே அவர்தான். இன்றைக்கும் தெருவில் யாருக்கு எது காணாமல் போனாலும் முதலில் எங்கள் வீட்டு மணியைத்தான் அடிக்கிறார்கள். நிலா கதவைத் திறந்து, "காரேஜுக்குள்ள போய்ப் பாருங்க, எங்கப்பா எல்லார் முன்னிலையிலும் விளக்கம் தருவார்" என்கிறாள்.

போன வாரம் காருக்குப் பின்னால் எதையோ தேடியபோது சாக்குக்கடியில் ஒரு எவர்சில்வர் டப்பா தட்டுப்பட்டது. குல்கர்னி என்று பெயர் வெட்டியிருந்தது. காகா ஷீரா கொண்டு வந்த அதே டப்பா. சுபாவிடம் கேட்டேன்.

"அவ்ளோ பெரிய மனசோட குடுத்த டப்பாங்க. அதுக்குத் தகுந்தாப்பல என்ன போடறதுன்னுதான் யோசிச்சுட்டே இருக்கேன்" என்றாள்.