தொடுபுழாவில் ஒரு கயிறு இழுப்பு

மனைவி செல்வலட்சுமியை ஸ்கூட்டரில் உட்கார விடுவதில்லை என்று பாண்டீஸ்வரன் உறுதியாக இருந்தார். பின் சீட்டில் தாராளமாக உட்காரலாம். முன் சீட்தான் கூடாது.

சித்திரபுரத்தில் வீடு. தேயிலை ஃபேக்டரிக்கு அவர் நடந்தே போய்விடுவார், ஸ்கூட்டர் வாசலில் சும்மா நிற்கும். மனைவிக்கோ ஆனச்சால் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் பொறுப்பு கிடைத்திருந்தது. விருந்தாளிகள் கண் விழிக்குமுன் அங்கே இருக்க வேண்டும். அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. அவள் வண்டியைக் கேட்கும்போதெல்லாம் இவர் ஒரே பதில் வைத்திருந்தார்: மலை ரோட்டில் வண்டி ஓட்டக் கையில் பலம் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அஞ்சுவின் நச்சரிப்புத் தாங்காமல் தொடுபுழாவிலிருந்த குழந்தைகள் மியூசியத்துக்குப் போனார்கள். மற்ற மியூசியங்களில் 'தொடாதே' என்றிருக்கும். இங்கே சுவரெல்லாம் 'தொட்டுப் பார்' என்றிருந்தது. "அதான் ஊருக்கே தொடுபுழான்னு பேரு" என்றார் பாண்டீஸ்வரன். யாரும் சிரிக்காததால் அவரே சிரித்துக்கொண்டார்.

அஞ்சு ராட்சத சோப்புக் குமிழிக்குள் நின்றாள். ஆளைக் குண்டாக்கும் கண்ணாடி முன் அப்பாவை நிறுத்தி, இது ரிப்பேர் போலிருக்கிறது, உள்ளபடியே காட்டுகிறது என்றாள்.

கடைசி அறையில் இரண்டு நாற்காலிகள் கயிற்றில் தொங்கின, ஒன்றில் தடிக் கயிறு, மற்றதில் மெல்லியது. உட்கார்ந்து கயிற்றை இழுத்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள வேண்டும். பாண்டீஸ்வரனுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. பல நாள் வழக்கை இங்கேயே முடித்துவிடலாம்.

"யாரு மொதல்ல மேல போறாகளோ, வண்டி விசயத்துல அவுக சொன்னதுதான்" என்றார்.

அங்கே வேலை பார்த்த பெண் மலையாளத்தில் ஏதோ விளக்கினாள். செல்வலட்சுமி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பாண்டீஸ்வரன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தத் தடிக் கயிறு என்னால ஆகாதுங்க. உங்களுக்குத்தான் அது தோது" என்றாள் மனைவி. அவர் மனம் குளிர்ந்துபோய் அதில் உட்கார்ந்தார்.

வீட்டில் எல்லோரும் தான் இழுத்த இழுப்புக்கு வரவேண்டும் என்று நினைக்கிற மனிதர். கயிறு வரவில்லை. நாற்காலி ஒரு சாண் எழும்பித் தொப்பென்று இறங்கியது. பக்கத்தில் செல்வலட்சுமி மூச்சுக்கூட வாங்காமல் மேலே போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மறுபடி விளக்கியபோதுதான் அவர் காதில் ஏறியது: அவருடையதில் ஒரே கப்பி, அவளுடையதில் ஐந்து கப்பிகள் சேர்ந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

"ஏங்க, கை வலிச்சா விட்டுருங்க" என்றாள் உச்சியிலிருந்து. எரிச்சல்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே உட்கார்ந்து அவள் சிரித்ததைப் பார்க்க, இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று தோன்றியது. திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டார், வண்டியைத் தானே கற்றுக்கொடுப்பதென்று.

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் பிரேக், ஆக்சிலரேட்டர், பயத்தை விடுவது என்று நீண்ட பாடம் நடத்தினார். பிறகு பின்னால் ஏறிக்கொண்டார். செல்வலட்சுமி மைதானத்தை ஒரே வட்டமடித்து ரோட்டுக்கு ஏறினாள். ஹாரன் அடித்தாள், கொண்டை ஊசி வளைவில் ஆடாமல் திரும்பினாள், முன்னால் போன ஒரு ஜீப்பை முந்தினாள்.

இதெல்லாம் எப்போது பழகினாய் என்று அவர் பின்னாலிருந்து கத்திக் கேட்டார்.

"லைசன்ஸ் வாங்கியே ரெண்டு மாசமாச்சுங்க. உங்க சம்மதம்தான் வராம இருந்துச்சு. கெட்டியாப் பிடிச்சுக்கங்க."