கோணல் மேசைக்கு ஒரு நேரான கால்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் மனைவி, அவள் வயிற்றில் உள்ளவர் ஆகிய நால்வரும் சௌகரியம். கப்பலில் நீயும் உன் இன்ஜினும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

“கண்காட்சியை ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள்” என்று எழுதியிருந்தாய். கட்டட அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வரைபடம் போட்டவன் நான். என் பேச்சை யாரும் கேட்டதாக நினைவில்லை. ஆனாலும் பொறுப்பை ஏற்றேன். நிலவரம் இதுதான்: வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது படங்கள் ஓவியக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எட்டு முடிந்துவிட்டன. டாக்டரம்மா குறித்துக் கொடுத்த நாள் அடுத்த புதன். ஒன்பதாவது போகாவிட்டால், உன் மனைவி ஆறு வருடம் காத்திருந்து அங்கே வாங்கிய கண்காட்சிச் சுவர், குதிரை மட்டுமே வரைகிற ஒருவருக்குப் போய்விடும். அந்தக் குதிரைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு கால்கள் இருக்கின்றன. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை, கண்டிப்பாகப் பேசிவிடுவது என்று பின்னறைக்குப் போனேன். அவள் படத்தின் முன்னால் நின்றிருந்தாள். கைக்கு முன்னால் வயிறு போய்ப் படத்தைத் தொட்டது. அதனால் கை எட்டவில்லை. நான் வாய் திறப்பதற்குள், “நல்ல வேளை வந்தீங்க மாமா, ஒரு திரைச்சீலைக் கம்பி கழட்டித் தர்றீங்களா?” என்றாள். பேசப் போனவன் ஸ்டூல்மேல் ஏறிக் கூடத்து ஜன்னல் கம்பியைக் கழற்றினேன். அதன் நுனியில் தூரிகையைக் கட்டி, நாலடி தள்ளி நின்று வரைய ஆரம்பித்துவிட்டாள். “போறவங்க வர்றவங்கல்லாம் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறாங்கடி” என்றாள் உன் அம்மா. “பாக்கட்டும் அத்தை, என் படத்தைப் பாக்க இப்பவே பழகிக்கட்டும்” என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை, சொல்ல வேண்டியதைக் குறிப்பெழுதிக்கொண்டு போனேன். அவள் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்தேன். ஒரு சாப்பாட்டு மேசை. கம்பியால் வரைந்ததில் எல்லாம் கோணல். இடதுபக்கக் கால் மேசையை விட்டே ஓடப் பார்த்தது. அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் உத்தியோகம்தான் பொறுப்பு. ஸ்கேலை வைத்து, தூரிகையை எடுத்து, அந்தக் காலை நேராக்கிவிட்டேன். நிமிர்ந்தால் அவள் விழித்திருக்கிறாள்.

“இதை யாரு மாமா செஞ்சது?”

ஆறு வருடச் சுவர் என் கையால் போயிற்று என்றே நினைத்தேன். அறையில் அவளும் நானும் இன்னும் பிறக்காத ஒருவரும்தான். பழியை யார்மேல் போடுவது?

“நான்தாம்மா. கோணலா இருந்துது.”

தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தாள். “இப்பத்தான் மத்ததெல்லாம் ஒழுங்கா கோணலாத் தெரியுது. அப்படியே இருக்கட்டும். போய் உக்காருங்க, ஸ்கேலைக் கீழ வைக்காதீங்க.”

அன்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். படத்தில், மேசைக்குப் பின்னால் ஸ்கேலோடு நான் வந்துகொண்டிருக்கிறேன். கால் வீக்கத்தோடு இருபது நிமிடம் நிற்கிறாள், பத்து நிமிடம் படுக்கிறாள், மறுபடி நிற்கிறாள். உள்ளே உதை விழுந்தால் நாலடி தள்ளிக் கோடு துள்ளுகிறது. அதை அழிப்பதில்லை. “அது என் கோடு இல்ல மாமா, அழிக்க எனக்கு உரிமை இல்ல” என்கிறாள். அப்படி ஒரு உதை என் நெற்றியில் இருக்கிறது. முப்பத்தைந்து வருடத்தில் ஒரு கோட்டுக்காகவும் நான் அவளைப் போல நின்றதில்லையடா.

உன் விஷயத்தையும் மறக்கவில்லை. நேற்று உதடு அசையாமல் கேட்டேன்: “தள்ளிப்போட்டா என்னம்மா?”

“எதை மாமா? ரெண்டுல எதைப் பாத்தாலும் தள்ளிப்போடற மாதிரி இல்லையே.”

இருந்தாலும் நீ கவலைப்படாதே. நாளை வெள்ளி காலை பத்து மணிக்கு, கண்காட்சி வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிடப் போகிறேன். உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உன்னோடு இருக்கட்டும். குளிர்காற்றில் தலையை மூடிக்கொள்.

இப்படிக்கு,
உறுதியாக உள்ள அப்பா

பின்குறிப்பு: வெள்ளி, மாலை ஐந்து. மேலே கண்டவை யாவும் ரத்து. பத்து மணிக்குச் சொல்லப் போனபோது அவள் படத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, “மாமா, ரெண்டு வண்டி கூப்பிடுங்க. ஒண்ணு படத்துக்கு” என்றாள். விடிந்ததிலிருந்தே வலியாம், சொன்னால் கம்பியைப் பிடுங்கிவிடுவோமாம். உன் அம்மா அவளோடு போனாள், நான் படத்தோடு போனேன். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

“படம் போய்ச் சேந்துச்சா மாமா?”

“சேந்துடுச்சு. குழந்தை?”

“அதுவும்தான். பொண்ணு. முழிச்சு முழிச்சுப் பாக்கறா.”

இருவரும் சௌகரியம். ஓவியக்கூடத்து அம்மாள் மேசையின் அந்த ஒரு காலைப் பார்த்து அசந்து நின்றுவிட்டாள். கண்காட்சி நடக்கும் ஒரு மாதமும் யாராவது பக்கத்தில் நின்று அதை விளக்க வேண்டும். அது நானாகத்தான் இருக்க முடியும். உன் மனைவியும் அங்கே இருக்க வேண்டியவள். ஆகவே குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஆள் தேவை. நீ கப்பலை ஆறு மாதம் தள்ளிப்போடு. நான் சொன்னால் கேட்கமாட்டாய்; அவளைச் சொல்லச் சொல்கிறேன்.