வாலில்லாத மவுசு

என் வீட்டில் நான்தான் தலைவன் என்பதை ஒரு மவுசை வைத்து நிலைநாட்டுவது என்று தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஐப்பசியில் தீர்மானம் செய்தேன்.

ஐப்பசியில் மழை என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது. அருப்புக்கோட்டையைப் பொறுத்தவரை அது பஞ்சாங்கத்துக்குள்ளேயே பெய்து முடித்துக்கொண்டது. திருச்சுழி ரோட்டில் வேலிக்கருவைகூட வாடி நின்றது. மழை இல்லையென்றால் மிளகாய் இல்லை. மிளகாய் இல்லையென்றால் வத்தல் மண்டி இல்லை. வத்தல் மண்டி இல்லையென்றால் ஐயாத்துரை என்று ஓர் ஆள் இருப்பதே ஊருக்கு ஞாபகம் வராது. அந்த ஐயாத்துரை நான்.

மண்டி நன்றாக ஓடிய காலத்தில் பில் போடுவதற்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். வத்தல் தூசிக்கு இது தாங்காது, சீக்கிரம் படுத்துவிடும் என்று மதுரைக் கடை ஆள் சொன்னதால் வீட்டு முன்னறையில் வைத்தேன். அதோடு லோடு வருவது நின்றது. பில்லும் நின்றது. நான் அதில் சீட்டாடினேன். காலிச் சாக்குகளுக்கு நடுவில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் வந்து கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் சாய்ந்து, தனியாகச் சீட்டு அடுக்குவேன். எப்போதாவது ஜெயிப்பேன். ஜெயித்தால் சீட்டெல்லாம் திரை முழுக்கத் துள்ளி விழும். அந்த வருஷம் எனக்காகத் துள்ளியது அது ஒன்றுதான்.

அந்த நாற்காலியும் போயிற்று.

என் மனைவி கோகிலாம்பாள் ஒருநாள் கம்ப்யூட்டரில் படம் வரையும் இடத்தைக் கண்டுபிடித்தாள். படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. தறிக்காரர்கள் சேலைக்குப் பார்டர் போடுகிற கட்டத்தாளும் அப்படித்தான் இருக்கும். அவள் ஒரு கட்டம் ஒரு கட்டமாக நிரப்பி ஒரு மயில் வரைந்தாள். பில் அடிக்கிற பிரிண்டரிலேயே அதை அடித்தாள். பாளையம்பட்டியில் தறி போட்டிருக்கும் வீரபத்திரன் அதைப் பார்த்துவிட்டு, இந்த மயில் எனக்கு வேண்டும் என்று காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்து அன்னம். அடுத்து மாங்காய்க் கொடி. வீட்டு அரிசி, பருப்பெல்லாம் அந்த அன்னத்தின் முதுகில் ஏறி வர ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வயிறு எரிந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கோகிலாம்பாள் இடக்கைக்காரி. கல்யாணமான புதிதில் காபியை இடக்கையால் நீட்டினாள். அன்றைக்கே கண்டித்து அந்தப் பழக்கத்தை நிறுத்தினேன். கம்ப்யூட்டரிலும் நிறுத்தினேன்.

"இது தொழில் பண்ற சாமான். கல்லாப்பெட்டி மாதிரி. பீச்சாங்கையால தொட்டா விளங்காது" என்றேன்.

மயிலையும் அன்னத்தையும் பழக்கமில்லாத வலக்கையாலேயே வரைந்தாள். மணிக்கட்டு வீங்கியது. வீடு முழுக்கத் தைல வாடை. ஒருநாள் சோறு போடும்போது, கைக்கு வாகாக ஒரு மவுசு கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றாள். பார்க்கலாம் என்றேன். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

மறுநாள் பக்கத்துப் பருப்புக் கடை ஹபீப் ரகுமான் பாயிடம் இதை ஒரு குறையாகச் சொல்லி அழுதேன். பாயின் மருமகன் ஹாரிஸ் துபாயில் இருக்கிறான். அங்கே வாலில்லாத மவுசு வந்திருக்கிறதாம். உள்ளே பேட்டரி போட்டால் போதும், ஒயரே கிடையாது. மடியில் வைத்துக்கொள்ளலாம், மெத்தையில் வைத்துக்கொள்ளலாம், சட்டைப் பையில்கூடப் போட்டுக்கொண்டு போகலாம் என்றார் பாய்.

பாய் மேற்கொண்டு பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. சட்டைப் பை என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன்.

வீட்டில் இருந்த மவுசின் வாலைக் கம்ப்யூட்டரின் முதுகில் திருகி வைத்திருந்தார்கள். வாலில்லாதது அப்படி இல்லை. காலையில் சாவிக்கொத்தோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய்விடலாம். நான் வந்தால்தான் கம்ப்யூட்டர் வேலை செய்யும். நான் போய்விட்டால் அது வெறும் பெட்டி. யாருக்கு என்ன வரைய வேண்டுமோ, என்னைக் கேட்டு, நான் சீட்டாடி முடித்த பிறகு வரையட்டும்.

துபாயிலிருந்து செருப்பு வர வேண்டுமென்றால் எங்கள் ஊரில் காலைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்புவார்கள். அங்கே கடைக்காரன் அந்தக் கோட்டின் மேல் செருப்பை வைத்துப் பார்த்துத் தருவான். மவுசும் கைக்குச் செருப்பு மாதிரிதான், கையை வரைந்து கொடுங்கள், வாகானதாகப் பார்த்து வாங்கி வரச் சொல்கிறேன் என்றார் பாய்.

அன்று சாயங்காலம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் என் வலக்கையை வைத்து, சுற்றி வரைந்தேன். கோகிலாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"உனக்குத்தான். துபாயிலேருந்து மவுசு வருது" என்றேன்.

"எனக்கா?"

"பின்னே யாருக்கு? உன் கைதானே வீங்கியிருக்கு."

அவள் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். கேட்டதும் ஒரு பொருள் வாங்கித் தருகிற முகமாக அது அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. யாருடைய கையை வரைந்தீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். காகிதத்தைக் கவருக்குள் போட்டு, சோற்றுப் பருக்கை வைத்து அவளே ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன இருந்தாலும் அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையும் மார்கழியும் காய்ந்து போயின. நோன்புப் பெருநாளுக்கு ஹாரிஸ் வந்துவிட்டான், சாமான் சாயங்காலம் வீட்டுக்கு வரும் என்று பாய் சொல்லி அனுப்பினார். கோகிலாம்பாள் குடத்தோடு தண்ணி லாரிக்குப் போன நேரம் பார்த்து, பழைய மவுசின் வாலைப் பாக்குவெட்டியால் நறுக்கினேன். எலி கடித்த மாதிரி தெரிவதற்காக முனையை அம்மிக்கல்லில் வைத்து நசுக்கினேன். வேறு எந்த வேலையையும் நான் அவ்வளவு நறுவிசாகச் செய்ததில்லை.

அவள் வந்ததும் வாலைத் தூக்கிக் காட்டினேன். "எலி. பார்த்தியா? இனிமே வால் வச்ச மவுசே இந்த வீட்டுக்கு ஆகாது. எத்தனை வாங்குனாலும் கடிச்சிரும்."

அவள் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். "எலி வெத்தல பாக்கு போடும் போலருக்கு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் பாய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். உட்கார்ந்ததும் என் கைகளையே பார்த்தார்.

"அண்ணாச்சி, இத்தனை வருசம் பக்கத்துக் கடையில இருக்கேன். நீங்க இடக்கைக்காரருன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"யாரு, நானா?"

"இடக்கைக்கு வாலில்லாதது லேசுல கிடைக்கலையாம். ஹாரிஸ் கடை கடையா ஏறி எறங்கியிருக்கான். நல்ல வேளை, நகமெல்லாம் வரைஞ்சு அனுப்பியிருந்தீக. அதை வச்சுத்தான் எந்தக் கைன்னு தெரிஞ்சுது. அந்த வளையல் மட்டும் எதுக்குன்னு அவனுக்கு வெளங்கலையாம்."

காகிதத்தை நீட்டினார். சின்னக் கை. ஐந்து விரலிலும் நகம். மணிக்கட்டில் இரண்டு வளையல். கோடு ஒவ்வொன்றும் தறிக்குக் கொடுக்கலாம் போல அவ்வளவு சுத்தமாக இருந்தது.

கோகிலாம்பாள் காபி கொண்டுவந்து வைத்தாள். "எனக்குன்னுதானே சொன்னீக. ஞாபக மறதியா உங்க கைய வரைஞ்சிட்டீக. பாவம், அலையிற மனுசரை எதுக்குத் திரும்ப அலைய விடணும்னு நானே மாத்தி வச்சேன்."

பாய் முன்னால் காபியைத்தான் குடிக்க முடிந்தது.

பாய் போனதும் மவுசைத் தொட்டுப் பார்த்தேன். கறுப்பு. நடுவில் மேடு. இடக்கைக் கட்டைவிரல் பதிய வலப்பக்கம் ஒரு பள்ளம். என் வலக்கையை வைத்தால் சுண்டுவிரல் அந்தப் பள்ளத்தில் விழுந்து மாட்டிக்கொண்டது. கட்டைவிரல் போக இடமில்லாமல் அந்தரத்தில் நின்றது. அந்தக் கட்டைவிரலைப் பார்க்க எனக்கே பரிதாபமாக இருந்தது. மண்டியில் என் நிலைமையும் அதேதான்.

ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். நான் விளையாட முடியாவிட்டால் அவளும் வரைய வேண்டாம். மறுநாள் காலை மவுசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனேன். பந்தல்குடியிலிருந்து வந்த தரகர்கள் வெறும் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என் நெஞ்சு வீக்கத்தைப் பார்த்துவிட்டு, இருதயத்துக்கு வைக்கிற மிஷினா என்று மெதுவாக விசாரித்தார். அந்த நேரம் பார்த்து வீரபத்திரன் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"அண்ணாச்சி, தறி பாதி பார்டர்ல நிக்குது. மவுசு உங்க சட்டைப் பையில இருக்கும், வாங்கிட்டு வாங்கன்னு அக்கா சொன்னாக. மூக்குக் கண்ணாடின்னு நெனச்சு எடுத்துப் போட்டுட்டாக, வயசாகுதுல்ல, ஒன்னும் சொல்லிராதீகன்னும் சொன்னாக."

தரகர்கள் எல்லோரும் என் பையைப் பார்த்தார்கள். எடுத்துக் கொடுத்தேன். வீரபத்திரன் அதைத் துண்டில் பொதிந்து, மறுபடி சைக்கிள் ஏறிப் போனார். அந்த வாரம் என் மண்டியிலிருந்து வெளியே போன சரக்கு அதுதான்.

அன்றிலிருந்து அவள் இடக்கையால் வரைகிறாள். கண்டித்துப் பார்த்தேன். மிஷினே இடக்கைக்கென்று செய்தது, வலக்கையால் தொட்டால்தான் தப்பு என்றாள். வீக்கம் வடிந்தது. படம் வேகம் பிடித்தது. எனக்கு வேறொரு சாதாரண மவுசு வாங்கிக்கொள்கிறேனே என்று தணிந்து கேட்டேன். வால் வைத்தது எத்தனை வாங்கினாலும் எலி கடித்துவிடும், நீங்கள் சொன்னதுதானே என்றாள். என் பேச்சுக்கு வீட்டில் இவ்வளவு மரியாதை இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சாயங்காலங்களில் எனக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மனசு மண்டியைவிடக் காலியாக இருந்தது. கடைசியில் மானத்தை விட்டேன். அவள் தண்ணி லாரிக்குப் போகும் நேரத்தில் இடக்கையால் பழக ஆரம்பித்தேன். முதலில் சீட்டு ஓரிடம், கை ஓரிடமாகப் போயிற்று. விடாமல் பழகினேன். தை முடிவதற்குள் கை படிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் சீட்டெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இன்னும் ஒரே ஒரு ராஜா. அவனை ஏற்றிவிட்டால் எல்லாம் துள்ளும். வெகுநாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்னங்க இது, பீச்சாங்கை?"

குடத்தோடு வாசலில் நின்றாள்.

"நீ மட்டும் வரையல?"

"எனக்கு இதுதான் சோத்தாங்கை. உங்களுக்கு இது பீச்சாங்கையில்ல? தொழில் பண்ற சாமானுங்க. விளங்குமா? நீங்கதான சொன்னீக."

குடத்தை இறக்கினாள். என் கையை மெதுவாக எடுத்து என் மடியிலேயே வைத்தாள். மவுசை முந்தானையால் துடைத்தாள். ராஜாவை அப்படியே மூடிவிட்டு மாங்காய்க் கொடியைத் திறந்தாள். நான் எழுந்து நின்றேன். எங்கே போவது என்று தெரியவில்லை.

"சும்மா இருக்கத்தானே உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?" என்று, திரும்பாமலே, பிரியமாகத்தான் கேட்டாள். கேட்டுக்கொண்டே மேஜைக்கு அடியிலிருந்து புதிதாக ஒரு எலிப்பொறியை எடுத்து நீட்டினாள். "அந்த வாலைக் கடிச்சது இன்னும் இந்த வீட்டுக்குள்ளதான சுத்துது. உக்காந்து பிடிங்க."

சோத்தாங்கையால்தான் வாங்கிக்கொண்டேன்.