பீப்பாவில் ஒட்டிய என் முகம்

எனக்கு எழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஞாபகமும் இப்போது அங்கங்கே அறுந்துபோகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று பட்ட பயம் மட்டும் ஒரு சொட்டும் மறக்கவில்லை.

என் மகளைக் கட்டிய டேவிட் வெள்ளைக்காரர், தங்கமான பிள்ளை. அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியபோது இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுத்தேன். பக்குவம் கேட்டார், சொன்னேன். (மருந்துக்கென்றுதான் நினைத்தேன், மாதா சாட்சி.) அவர் அதைப் போட்டுக் கராஜில் பியர் காய்ச்சி, "மாமி" என்று பெயரும் வைத்துவிட்டார். குரொய்டனில் நடந்த பியர் திருவிழாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. போனேன்.

உள்ளே போனதும் பார்த்தேன். வரிசையாகப் பீப்பாக்கள். எதில் என்ன இருக்கிறதென்று எழுதிய அட்டைகளை யாரோ தொலைத்துவிட்டார்கள். கிளாசும் முடிந்துவிட்டது. ஊற்ற வேண்டியவர்களில் பாதிப்பேர் வரவேயில்லை. சனம் வெறுங்கையோடு முட்டிமோதியது. இன்னதென்று தெரிந்தது ஒரே ஒரு பீப்பாதான். அதில் என் படம்! பேத்தி கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று, முக்காடு போட்டுச் செபமாலையோடு நின்ற படம்.

நான் கோயிலில் வெள்ளிக்கிழமைச் செபக் குழுவில் இருக்கிறவள். அந்தக் குழுவில் ஒருவர் கண்டாலும் என் மானம் கப்பலேறிவிடும்.

"தம்பி, படத்தைக் கழட்டுங்கோ. ஆரும் கண்டால் நான் கோயிலடிக்குப் போகேலாது."

"பயம் வேண்டாம் மாமி. கிளாஸ் எடுத்துக்கொண்டு வாறன்," என்று டேவிட் போய்விட்டார்.

மலைபோல ஒரு தாடிக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மாமி!" என்று கத்தினார். அவ்வளவுதான். மண்டபமே "மாமி! மாமி!" என்று என்மேல் வந்தது. (பொலிஸ் வந்தால் என்னைத்தான் பிடிக்கும் என்று நினைத்தேன்.) படத்தைப் பிடித்து ஒரே இழுவை இழுத்தேன். அதைக் குழாயோடு சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். குழாயும் கையோடு வந்தது. பியர் பீறிட்டு முகம், சட்டை, சேலை எல்லாம் நனைந்தது. உள்ளங்கையால் பொத்தினேன், இன்னும் உயரப் பாய்ந்தது. சனம் கைதட்டியது.

டேவிட் ஓடிவந்து ஓட்டையை அடைத்து, என்னை ட்ராமில் ஏற்றிக் கூட்டிவந்தார். படம் என் கைப்பையில், டேவிட் கதவடியில் போனோடு. தப்பினேன் என்று மூச்சு விட்டேன். நாங்கள் இறங்குகிற மிச்சம் என்ற ஊர் வருவதற்கு இரண்டு தரிப்புக்கு முன்னால் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தார் செபக் குழுத் தலைவி ஸ்டெல்லா அக்கா.

"என்ன தங்கச்சி, ஒரு மணம்?"

"கொத்தமல்லி, அக்கா."

"கொத்தமல்லியோ?"

"இஞ்சியும் கிடக்கு."

அக்கா என் ஈரச் சேலையைப் பார்த்தார். சிவந்த கண்ணைப் பார்த்தார். (கண்ணுக்குள்ளும் பியர்.) என் கையைப் பிடித்து மெல்லக் கேட்டார்: "எவ்வளவு நாளாய்?"

விளக்கம் சொல்ல வெட்கம். தலை குனிந்தேன். அதுவே ஓம், குடிக்கிறேன் என்று ஆகிவிட்டது.

அடுத்த வெள்ளி, "மதுவாலை வருந்துற எங்கடை சகோதரி ஒருவருக்காக" என்று அக்கா செபம் தொடங்கினார். எல்லோரும் என்னைப் பார்க்காமல் பார்த்தார்கள். ஆமென் என்று சத்தமாகச் சொன்னது நான்தான். இன்றும் அந்தச் செபம் நிற்கவில்லை. வெள்ளிதோறும் நான் வீடு திரும்பியதும் மகள் கேட்பாள்: "என்னம்மா, இன்னும் சுகம் வரேல்லையாமோ?"

ட்ராமில் அது இரண்டு தரிப்போ மூன்றோ, யாராவது டேவிட்டைக் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். ஸ்டெல்லா அக்காவைக் கேட்க வேண்டாம்.