ஆந்தை காய்கிற வாரம்

நான் ஒரு சுரண்டல் பேர்வழி. தப்பாக நினைக்காதீர்கள். வெள்ளைக் களிமண் பூசி, அதன்மேல் கறுப்பு மை தடவிய அட்டை ஒன்று கடையில் கிடைக்கிறது. கத்தி முனையால் கறுப்பைச் சுரண்டினால் உள்ளிருந்து வெள்ளைக் கோடு வரும். அப்படிச் சுரண்டிச் சுரண்டி ஓர் ஆந்தையை முடித்திருந்தேன். நூலகத்து ஓவியக் கண்காட்சியில் அதற்கு இடமும் கிடைத்திருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவை!

அந்த நேரம் பார்த்து மனைவி ஒரு குண்டைப் போட்டாள்.

"ஏங்க, என் தம்பி வரான். ஒரு வாரம் இருப்பான். உங்க படம் போடற ரூம்லதான் படுத்துக்கணும்."

மச்சினன் நல்லவன்தான். ஆனால் பேசுவான். பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவான். அவன் வரவைத் தடுத்தே தீருவது என்று அந்த இடத்திலேயே சபதம் எடுத்தேன்.

"ஐயோ, ஆந்தைக்கு வார்னிஷ் அடிக்கணுமே!"

"அடிங்க. யாரு வேணாம்னா?"

"உனக்குப் புரியல. விரல் பட்டாலே எண்ணெய்க் கறை. மெத்துனு ஒரு துணியால துடைச்சுட்டு, ஸ்ப்ரேயை மெல்லிசா மூணு தடவை அடிக்கணும். ஒரேயடியா அடிச்சா மை கரைஞ்சு ஆந்தை காக்கா ஆயிடும். அப்புறம் ஒரு வாரம் காயணும். தூசி கூடாது. ரூமுக்குள்ள ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது."

"மூச்சேவா?"

"விடவே கூடாது."

"அப்படியா!" என்றாள்.

அவள் 'அப்படியா' என்று சொல்லி நான் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டேன்.

துடைப்பதும் தெளிப்பதும் நிஜம். பால்கனியில் காற்றாட வைத்து அடித்தேன். ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் ஒவ்வொரு பூச்சும் காய்ந்துவிட்டது. அந்த ஒரு வாரம் மட்டும் என் சொந்தப் பூச்சு.

படத்தை ரூமில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். மனைவி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எதுக்குப் பூட்டறே?"

"தூசி."

"என் சாய்வு நாற்காலி, ரேடியோ எல்லாம் உள்ளே இருக்கே! நான் போகணுமே!"

"நீங்க மூச்சு விடுவீங்களே!"

அன்று சாயங்காலமே மச்சினன் வந்து இறங்கினான்.

"தம்பி நம்ம கட்டில்ல படுத்துக்கட்டும். நான் சோபா. நீங்க சமையல்கட்டு" என்று அவள் இடம் பிரித்தாள்.

மச்சினன் ஒரு பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். விஷயத்தைக் கேட்டதும், "என்ன ஸ்ப்ரே மாமா அது? நாங்க காருக்கு அடிச்சா சட்டுனு காஞ்சிடுமே" என்றான்.

"கார் வேற, கலை வேற!" என்று அதட்டினேன். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆறாம் நாள் மத்தியானம், "கை சும்மாதானே இருக்கு?" என்று மனைவி அடிப்பிடித்த சட்டியை நீட்டினாள். சுரண்டினேன். பழக்க தோஷத்தில் சட்டியின் அடியில் கோடு இறகு இறகாக விழுந்தது.

"அழகு வேணாம். சுத்தம் போதும்" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. நூலகத்தில் படம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள்! சட்டியும் கையுமாக ஓடினேன்.

"சாவியைக் குடு! படம் காஞ்சிடுச்சு!"

"ஒரு வாரம்னீங்களே?"

"பொய்! உன் தம்பி இங்க தங்கக் கூடாதுன்னு சொன்ன பொய்!"

திரும்பிப் பார்த்தால் மச்சினன் வாசற்படியில் நிற்கிறான். முகம் வாடிவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பூசி மெழுகப் பார்த்தேன்.

"தம்பி, ஒரு வாரம் என்ன, ஒரு மாசம் இரு! அந்த ரூம் உனக்குத்தான். சத்தியமா!"

சாவி என் கைக்கு வந்தது. திறந்தேன். நாற்காலி இருந்தது. ரேடியோ இருந்தது. ஆந்தை இல்லை.

"தம்பி காலையிலேயே கொண்டுபோய்க் குடுத்துட்டான்" என்றாள் மனைவி. "வந்த அன்னிக்கே ஓரத்தைத் தொட்டுப் பார்த்துட்டு, 'காஞ்சிடுச்சுக்கா'ன்னு சொல்லிட்டான். நீங்க எப்ப வாயைத் திறப்பீங்கன்னுதான் காத்துக்கிட்டு இருந்தோம்."

மச்சினன் கட்டி வைத்திருந்த பெட்டியைத் தூக்கி வந்து என் நாற்காலிமேல் வைத்துத் திறந்தான்.

"சாயங்காலம் ஊருக்குக் கிளம்பறதா இருந்தேன் மாமா. நீங்க இவ்வளவு ஆசையாக் கூப்பிடறப்போ எப்படிப் போறது?"