அம்மா ஒட்டிய கால்சட்டை

அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை இருபது வயதில் எனக்கு அளவுக்கு மீறியே இருந்தது. அதற்குத் தோதான முகத்தைக் கடவுள் கொடுக்கவில்லை. ஆகவே முழுப் பொறுப்பையும் உடையின் தலையில் கட்டியிருந்தேன். அந்த ஆசையால் எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய அரிசியை ஒரே காலையில் தொலைக்கப் பார்த்தேன். இதை இனி மறைத்துப் பயனில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அது போரில் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். அப்பா முதல் ஆண்டிலேயே காய்ச்சலில் போய்விட்டார். குயின் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தில் என்னையும் மூன்று தங்கைகளையும் அம்மா ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது வேறு என்னவாக மாறும் என்று கண்டுபிடித்துவிடுவாள். மரவள்ளிக் கிழங்கு அவள் கையில் தோசையாகும், அப்பளமாகும், தீபாவளிக்கு லட்டும் ஆகும். (லட்டு என்று அவள் சொன்ன பிறகுதான் நமக்குத் தெரியும். அது வேறு விஷயம்.) சோளத்தைக் கருக்கிக் காப்பி போட்டாள். சாம்பலை வைத்துச் சவுக்காரம் காய்ச்சினாள்.

நூலும் ஊசியும் கிடைக்காமல் ஊரே கிழிசலோடு அலைந்தபோது, அம்மா துணிகளை ஒட்ட ஆரம்பித்தாள். புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாமா ரப்பர் பால் கொண்டுவருவார். அது கட்டிப்போகாமல் இருக்கச் சலவைச் சோடா கலந்து ஏதோ ஒரு பக்குவம் வைத்திருந்தாள். அளவு கேட்டால், “கைக்குத் தெரியும்” என்பாள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ராணுவக் கூடாரங்களையும் மழைக்கோட்டுகளையும் பழுது பார்க்கும் கிடங்கு ஒன்று இருந்தது. அங்கே எழுத்தர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சம்பளத்தை யாரும் மதிக்கவில்லை. வேலை செய்பவர் வீட்டுக்கு வாராவாரம் அரிசி உண்டு என்பதுதான் பேச்சு. எங்கள் கடைசித் தங்கை செல்வி அப்போது கிழங்கைப் பார்த்தாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தாள். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும்.

போட்டுக்கொண்டு போக என்னிடம் நல்ல கால்சட்டை இல்லை. அப்பாவின் சாய்வு நாற்காலியிலிருந்து அம்மா கித்தானைக் கழற்றினாள். மங்குஸ்தீன் தோலைக் கொதிக்கவைத்துச் சாயம் ஏற்றினாள். ஒரு தையல்கூட இல்லாமல், முழுக்க ரப்பர் பாலிலேயே ஒட்டி, எனக்கு ஒரு கால்சட்டை செய்து முடித்தாள். இன்று நினைத்தால் கண் கலங்குகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் இருந்த ஒரே குறைதான். மடிப்பு இல்லை.

“சிலுவார்ல இஸ்திரி மட்டும் வச்சிடாதப்பா. பாலு இளகிடும்” என்று சொல்லிவிட்டு அம்மா கிழங்கு வாங்கப் பாசாருக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் இஸ்திரிப் பெட்டியில் கரியைப் பற்றவைத்தேன்.

இடுப்பிலிருந்து முழங்கால் வரை தேய்த்திருப்பேன். அதற்குள் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிய்த்துப் பிரித்துக் காலை நுழைத்தேன். கத்தி போல மடிப்பு நின்றது. போகும் வழியெல்லாம் என்னைப் பார்க்கிறார்கள் என்று மிதப்பில் நடந்தேன். (பார்த்தார்கள்தான். ரப்பர் நாற்றம் அப்படி.)

கிடங்கு வாசலில், உச்சி வெயிலில், ஒரு மரப்பலகையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்தேன். கால்சட்டையின் பின்பக்கம் எழவில்லை. அது பலகையிலேயே தங்கிவிட்டது.

உள்ளே ஜப்பான் அதிகாரி காத்திருந்தார். ஓடவும் முடியாது. சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே பக்கவாட்டில் நுழைந்தேன். அவர் நடுவில் வரும்படி விரலைக் காட்டினார். வந்தேன். அந்தக் காலத்தில் அவர்கள் முன் இடுப்பு வளையக் குனிந்து வணங்காவிட்டால் கன்னம் பழுத்துவிடும். குனிந்தேன். அதே நேரத்தில், என் பின்னாலிருந்த கதவைத் திறந்துகொண்டு பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், உள்ளே வந்தார். அவர் நம் ஆள். கையிலிருந்த காகிதங்களையெல்லாம் கீழே போட்டார்.

அதிகாரி எழுந்து என்னைச் சுற்றி வந்தார். அறை விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழவில்லை. என் கணுக்காலில் ஏதோ இழுத்தது. இஸ்திரி படாத கீழ்ப்பகுதியில் அம்மா ஒட்டியிருந்த இணைப்பை அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அது விடவில்லை. மேசையிலிருந்த தேநீரை எடுத்து அதன் மேல் ஊற்றினார். இணைப்பு வழியாக ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. என்னவோ சொன்னார்.

“யாரு ஒட்டுனதுன்னு கேக்குறாரு தம்பி” என்றார் கிராணி.

“எங்கம்மா.”

“ஒனக்கு இந்த வேலை தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“அப்ப அம்மாவ நாளைக்கு வரச் சொல்லு. இங்கயும் நூலு இல்ல. எழுதுறதுக்கு ஆளு நெறைய கெடக்கு.”

போகும்போது மானம் காக்க ஒரு கிழிந்த மழைக்கோட்டைக் கொடுத்தார்கள். கொளுத்தும் வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு மார்க்கெட் ஸ்ட்ரீட் வழியாக வந்தேன். கடைக்காரர்கள் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள்.

வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே மழைக்கோட்டைத் திருப்பி அதன் கிழிசலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “இஸ்திரி வச்சியா?” தலையாட்டினேன். நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவள் திட்டவில்லை. அந்தக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, ரப்பர் பால் கிண்ணத்தை எடுத்து வரச் சொன்னாள்.

மறுநாள் அந்தக் கோட்டையே ஒட்டி எடுத்துக்கொண்டு போனாள். அந்த வாரக் கடைசியில் எங்கள் வீட்டில் சோறு பொங்கியது. செல்வி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். நான் வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு மாதத்தில் அம்மாவின் கீழே பத்துப் பெண்கள் வேலை செய்தார்கள். அம்மா இருந்தவரை நாங்கள் பசி என்று படுத்ததில்லை.

போர் முடிந்து, எனக்கும் ஒரு வேலை கிடைத்து, பிள்ளைகுட்டி பெற்ற பிறகும் அம்மா என்னை விடவில்லை. எழுத்துத் தெரியாமல் எப்படி உத்தியோகம் பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், என்னைக் காட்டி, “எம்புள்ளதான் குனிஞ்சு வாங்கிக் குடுத்தான்” என்பாள். எவ்வளவு பணிவான பிள்ளை என்று வந்தவர்கள் மெச்சுவார்கள். வீட்டிலுள்ளவர்கள் அடுப்படிக்கு ஓடிவிடுவார்கள்.

அம்மா போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் என் பேத்தி செபராங் ஜெயாவில் ஒரு நேர்காணலுக்குக் கிளம்பினாள். பல்லெல்லாம் போன செல்வி வாசல்வரை வந்து, “நல்லா குனிஞ்சு வாங்கிட்டு வாம்மா” என்று வழியனுப்பினாள். பேத்திக்கு வேலை கிடைத்துவிட்டது. குனிந்தாளா என்று நான் கேட்கவில்லை.