எங்கள் பட்டறையின் கல்லீரல் சேவை

தொழிலாளியின் கல்லீரலை நிர்வாகம் எப்படி நேசிக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் எங்கள் பெயிண்ட் பட்டறைக்கு வரலாம். உலகத்தில் இதற்கு ஈடான காதல் கிடையாது.

என்னோடு அறையில் தங்கியிருப்பவர் ஸ்ப்ரே பெயிண்டர். எல்லோருக்கும் அவர் மாமா. தின்னர் வாடையிலேயே காலம் கழிந்ததில் அவர் கல்லீரல் கெட்டுவிட்டது. "நாள்பட்ட நோய். இன்னும் இந்தப் புகையை இழுத்தா தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா நிர்வாகத்திடம் கேட்டது ஒன்றுதான்: புகையை வெளியே தள்ள, சுவரிலிருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் எப்போதும் ஓட வேண்டும்.

நிர்வாகம் கலங்கிப்போனது. உடனே 'கல்லீரல் நலக் குழு' அமைத்து, பட்டறைக்குள்ளேயே சொற்பொழிவு வைத்தது. பெயிண்ட் அடித்துக்கொண்டே கேட்கலாம் என்ற சலுகையும் உண்டு.

"ஃபேன் சத்தத்துல நான் பேசறது கேக்காது. நிறுத்துங்க" என்றார் குழுவின் அதிகாரி. உயர்தர முகமூடி போட்டிருந்ததால் அவர் குரல் சற்று அமுங்கித்தான் வந்தது.

"நம்ம கல்லீரல்ல ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம்னு காவல்காரங்க இருக்காங்க. கேட்டலேஸ் அது இதுன்னு பேரு. உள்ள நடக்கிற நாசத்தை அவங்கதான் அடக்குவாங்க. நோய் நாள்பட்டா அவங்களே ஓஞ்சு போயிடுவாங்க."

மாமா இருமிவிட்டுக் கேட்டார். "அப்ப உள்ள போற விஷத்தைக் குறைச்சா, அவங்களுக்கும் வேலை குறையுமே சார்?"

"கேள்வியெல்லாம் கடைசியில."

கடைசியில் கேள்வி கேட்டது அதிகாரிதான். "நீங்க குடிப்பீங்களா?"

"டீ குடிப்பேன் சார்."

"அதான் பாத்தேன். இனிமே கிரீன் டீ குடிங்க."

நான் மெதுவாக, "சார், ஃபேனைப் போட்டுடவா?" என்றேன்.

"இருப்பா. அடுத்த ஷிப்டுக்கு யாரு சொல்றது?"

சொற்பொழிவு அவ்வளவு பெரிய வெற்றி. எல்லா ஷிப்டுக்கும் நடந்தது. ஃபேன் ஓடவே நேரமில்லை.

சில நாளில் மாமாவின் கண்ணைப் பார்த்து, "என்ன மாமா, கண்ணுல மஞ்சள் பெயிண்ட் பட்டுடுச்சா?" என்றார் மேஸ்திரி.

"இல்லப்பா. இந்த மஞ்சள் நம்ம கலர் அட்டையிலயே கிடையாது."

விழிப்புணர்வு போதவில்லை என்று குழு முடிவெடுத்தது. சும்மா கிடக்கிற ஃபேனைக் கழற்றி, அந்த ஓட்டையை அடைத்து, அதன்மேல் பெரிய கல்லீரல் படம் ஒன்றை மாட்டினார்கள். செக்கச்செவேலென்று, பளபளவென்று.

மறுநாள் மாமா ஸ்ப்ரே துப்பாக்கியைப் பிடித்தபடியே சரிந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகும்போது படத்தையே பார்த்தபடி என்னிடம் கேட்டார்.

"இது யாரோடது மாப்ள?"

"கம்பெனியோடது மாமா."

எங்கள் பட்டறையில் இன்றுவரை கெடாத கல்லீரல் அது ஒன்றுதான். அதற்கு மூச்சுவிட வேண்டியதில்லை.